டூப்ளிகேட்டர் ப்ளக்இன்: தளம் இடம் மாறிய பிறகு எது மிச்சம் கிடக்கிறது?

வேர்ட்பிரஸ் தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் பலரும் முதலில் எடுப்பது டூப்ளிகேட்டரின் இலவசப் பதிப்பைத்தான். வேலையை நன்றாகவே செய்கிறது. தளம் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டுகிறது, கூடவே இன்ஸ்டாலர் என்று ஒரு பிஎச்பி கோப்பையும் தருகிறது. இரண்டையும் புது சர்வரில் ஏற்றி, காலியாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, இன்ஸ்டாலரை பிரௌசரில் திறந்தால் போதும். பழைய முகவரிகளை எல்லாம் புதிதாக மாற்றி தளத்தை எழுப்பிவிடும். அந்தத் திறமையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பார்க்கப்போவது, இந்த வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் வெளியாருக்குத் தெரியக்கூடாத கோப்புகள் எங்கெங்கே கிடக்கின்றன, யார் கைக்கு எட்டுகின்றன என்பதை மட்டும். இடமாற்றத்தில் தளம் உடைந்தால் உடனே தெரிந்துவிடும். கோப்பு கசிந்தால் தெரியாது. அதனால் ஒரு இடமாற்றக் கருவியை அது எதைக் கொண்டுபோகிறது என்பதைவிட எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதை வைத்து எடைபோடுவதுதான் சரி.

முதலில் அந்த ஜிப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே தளத்தின் கான்ஃபிக் கோப்பின் (டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி) நகல் இருக்கும். கான்ஃபிக் கோப்பில் இருப்பவை டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், லாகின் குக்கிகளைக் காக்கும் 8 ரகசியச் சாவிகள்; இவற்றில் டேட்டாபேஸ் விவரங்களை நகலில் டூப்ளிகேட்டர் வெறுமையாக்கியிருக்கலாம். பக்கத்திலேயே டேட்டாபேஸ் முழுவதும் ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக. பயனர் அட்டவணையில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லின் ஹேஷும் (கடவுச்சொல்லைக் கணித்து மாற்றிய வடிவம்) இருக்கும். வேர்ட்பிரஸ் 6.8 (ஏப்ரல் 2025) முதல் ஹேஷ் பிகிரிப்ட் முறைக்கு மாறிவிட்டது என்றாலும், அதன் பிறகு ஒருமுறையாவது உள்நுழையாத பயனரின் ஹேஷ் பழைய, வலுக்குறைந்த வடிவிலேயே இருக்கும். ஆப்ஷன்ஸ் அட்டவணையைத்தான் பலர் மறக்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பும் ப்ளக்இன்கள் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் சர்வரின்) கடவுச்சொல்லையும், பணம் வசூலிக்கும் ப்ளக்இன்கள் ஏபிஐ சாவிகளையும் (பணச் சேவையோடு இணைக்கும் சாவிகள்) பெரும்பாலும் அங்கேதான் வைக்கின்றன, பல நேரம் மறையாக்கம் எதுவும் இல்லாமல். கடை நடத்தும் தளமாக இருந்தால் வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் வேறு. அந்த ஒரு ஜிப் வெளியே போனால் தளமே போன மாதிரி.

அந்த ஜிப் எங்கே உட்கார்ந்திருக்கிறது? டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் 'பேக்கப்ஸ்-டப்-லைட்' என்ற ஃபோல்டரில். அதாவது வெப் ரூட்டுக்கு (பிரௌசர் எட்டக்கூடிய தளத்தின் முதன்மை ஃபோல்டருக்கு) உள்ளேயே. கோப்பின் பெயரில் நீளமான ஹேஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த சரம்) சேர்த்திருக்கிறார்கள், ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினம். ஃபோல்டரைப் பட்டியலிடாமல் தடுக்க எச்டிஆக்சஸ் கோப்பும் (அந்த ஃபோல்டருக்கான விதிகளை சர்வருக்குச் சொல்லும் கோப்பு) வைக்கிறார்கள். ஆனால் வெப் சர்வர் மென்பொருள்களில் எச்டிஆக்சஸை அப்பாச்சியும் லைட்ஸ்பீடும் படிக்கும், என்ஜின்எக்ஸ் படிக்காது. அங்கே அந்தக் கோப்பு இருந்தும் இல்லாததுபோல்தான். சோதிப்பது சுலபம்: பேக்கேஜைக் (ஜிப்பும் இன்ஸ்டாலரும் சேர்ந்த கட்டை) கட்டியதும் ஜிப்பின் முகவரியை நகலெடுத்து, உள்நுழையாத பிரைவேட் ஜன்னலில் ஒட்டுங்கள். இறங்க ஆரம்பித்தால், அந்த முகவரி தெரிந்த யாருக்கும் இறங்கும். முகவரி பிரௌசர் வரலாற்றில் இருக்கும், சர்வரின் ஆக்சஸ் லாகில் இருக்கும். தளத்துக்கு முன்னால் சிடிஎன் (தளத்தின் கோப்புகளை நகலெடுத்து வைத்துப் பரிமாறும் இடைச் சேவை) இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கிளவுட்ஃப்ளேர் இயல்பாகவே கேஷ் செய்யும் கோப்பு வகைகளில் ஜிப்பும் ஒன்று. பொது முகவரி வழியாக ஜிப்பை இறக்கினால், சர்வரில் அழித்த பிறகும் நகல் கேஷில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே அதை எஸ்எஃப்டிபி (கோப்பை மறையாக்கி அனுப்பும் முறை) வழியாகவே எடுங்கள். பிரௌசரில் எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த முகவரியை கேஷிலிருந்து பர்ஜ் செய்யுங்கள்.

டூப்ளிகேட்டரின் பாதுகாப்பு வரலாற்றைச் சொல்லாமல் இந்த விமர்சனம் நியாயமாகாது. பொதுப் பதிவில் இருக்கும் பிழைகளில் மூன்றை மட்டும் பார்ப்போம். 2018இல் வெளிவந்தது (சிவிஇ-2018-17207; சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்கான பொதுப் பதிவு எண்) இந்த விஷயத்துக்கே பாடம் போன்றது. 1.2.42க்கு முந்தைய பதிப்புகளில், இடமாற்றம் முடிந்த பிறகு ரூட்டில் விட்டுப்போன இன்ஸ்டாலர் கோப்பையோ அதன் பேக்கப் நகலையோ யார் வேண்டுமானாலும் திறக்கலாம். டேட்டாபேஸ் விவரம் கேட்கும் கட்டத்தில் பிஎச்பி குறியீட்டைத் திணித்தால் அது நேராகக் கான்ஃபிக் கோப்புக்குள் போய் உட்காரும், சர்வர் அவர் கைக்குப் போய்விடும். தளம் புது இடத்தில் அழகாக ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் மட்டும் ஒரு திறந்த கதவு. 2020இல் வந்தது (சிவிஇ-2020-11738) வேறு மாதிரி. இறக்கும் வசதியில் கோப்புப் பாதையைச் சரிபார்க்காததால், உள்நுழையாமலே கான்ஃபிக் கோப்பை இறக்கிக்கொள்ள முடிந்தது. தாக்குபவர்கள் அதை உண்மையிலேயே பயன்படுத்தினார்கள், 1.3.28இல் சரிசெய்தார்கள். மூன்றாவது சிவிஇ-2023-6114. பேக்கேஜ் கட்டும்போது பயன்படும் தற்காலிக ஃபோல்டரை, பட்டியலிடல் திறந்திருக்கும் சர்வர்களில் யாரும் எட்டிப்பார்க்க முடிந்தது. முழு டேட்டாபேஸ் நகலும் ஜிப்பும் அங்கே தெரிந்தன. 1.5.7.1இல் அடைத்தார்கள்.

மூன்றும் சரிசெய்யப்பட்டவை. ப்ளக்இன்னைத் தூக்கிப்போட இது காரணமாகாது. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே இடத்தில்தான் வேர்விடுகின்றன என்பதைக் கவனியுங்கள்: வெளியார் தொடக்கூடாத கோப்பு வெப் ரூட்டுக்குள் இருக்கிறது. அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. ஆகவே பயன்படுத்துவதென்றால் கடைசிப் பதிப்பை மட்டும் பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்ததும் ப்ளக்இன்னை இரண்டு சர்வரிலிருந்தும் நீக்க வேண்டும். டீஆக்டிவேட் செய்து விட்டுவைப்பது நீக்குவதாகாது, கோப்புகள் அங்கேயேதான் இருக்கும்.

இலவசப் பதிப்பிலேயே பயனுள்ள இரண்டு அமைப்புகள் உண்டு, பலர் தொடுவதில்லை. முதலாவது இன்ஸ்டாலரின் பெயர். எல்லோரும் ஊகிக்கக்கூடிய 'இன்ஸ்டாலர்.பிஎச்பி' என்ற பெயருக்குப் பதிலாக ஹேஷ் சேர்ந்த நீளப் பெயரை அமைப்புகள் பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். இடமாற்றக் கருவிகள் விட்டுப்போன கோப்புகளைத் தேடித் திரியும் பாட்கள் வழக்கமான பெயர்களைத்தான் தட்டிப்பார்க்கும். இரண்டாவது, பேக்கேஜ் கட்டும்போதே இன்ஸ்டாலருக்குக் கடவுச்சொல் வைப்பது. அதை வைத்தால் நடுவில் வேறு யார் திறந்தாலும் முதல் திரையிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் அந்தக் கடவுச்சொல் இன்ஸ்டாலருக்கு மட்டும்தான். ஜிப்பைக் கையில் வைத்திருப்பவர் நேரே அன்ஜிப் செய்துகொள்ளலாம். ஜிப்பையே மறையாக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது.

கட்டுவதற்கு முன்னால் செய்யும் கழிப்பு வேலையில்தான் இந்த ப்ளக்இன் நிஜமாகவே கைகொடுக்கிறது. ஆர்கைவ் பகுதியில் ஃபில்டரை இயக்கினால் ஃபோல்டர், கோப்பு, எக்ஸ்டென்ஷன் என மூன்று வகையில் விலக்கலாம், டேட்டாபேஸ் அட்டவணைகளையும் விலக்கலாம். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது வீண்போகாது. டபிள்யூபி-கன்டென்டில் கிடக்கும் டீபக் லாக்கை முதலில் விலக்குங்கள், பிழைச் செய்திகளோடு பாதைகளும் சில சமயம் டோக்கன்களும் அதில் பதிவாகியிருக்கும். வேறு பேக்கப் ப்ளக்இன்களின் ஃபோல்டர்கள் அடுத்தது. அவை உள்ளே போனால் ஒரு பேக்கப்புக்குள் பத்துப் பழைய பேக்கப் என்று ஜிப் ஊதிப்போகும், நேரம் போதாமல் பாதியில் நிற்பதற்கும் அதுவே காரணமாகும். ரூட்டில் யாரோ எப்போதோ இறக்கி வைத்த எஸ்க்யூஎல் கோப்புகள், டாட்-கிட் ஃபோல்டர் (குறியீட்டின் மாற்ற வரலாறு), டாட்-என்வ் கோப்பு (ரகசிய அமைப்புகள்), கான்ஃபிக் கோப்பின் பழைய நகல்கள் இவையும் போகக்கூடாது. கடைசியாகச் சொன்னதில் தனி ஆபத்து இருக்கிறது. பிஎச்பி என்று முடியும் கோப்பை சர்வர் இயக்கும், உள்ளடக்கத்தைக் காட்டாது. அதையே யாராவது 'பேக்' அல்லது 'ஓல்ட்' என்று முடியும்படி பெயர் மாற்றி வைத்திருந்தால், சர்வர் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்து நீட்டிவிடும். எடிட்டர்கள் தானாக விட்டுச்செல்லும், வாலில் ஒரு அலைக்குறி ஒட்டிய நகல்களும் அதே கதைதான். அட்டவணைகளில் செஷன், செயல்பாட்டு லாக், தேவையில்லாத பழைய படிவப் பதிவுகள் இருந்தால் விலக்குங்கள். கொண்டுபோகாத தரவு கசியாது.

ஒன்றை மட்டும் விலக்க முடியாது, மறக்கவும் கூடாது. தொடர்புப் படிவங்கள் வழியாக வந்த இணைப்புகள் அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்களோடு படங்களாகக் கிடக்கும். அடையாள அட்டையின் ஸ்கேன், வேலை விண்ணப்பம் எல்லாம் அதில் அடக்கம். டூப்ளிகேட்டருக்கு அவற்றின் அருமை தெரியாது, அப்லோட்ஸ் என்றால் அப்லோட்ஸ்தான். வூகாமர்ஸில் விற்கும் டிஜிட்டல் கோப்புகள் 'வூகாமர்ஸ்_அப்லோட்ஸ்' என்ற துணை ஃபோல்டரில் இருக்கும், அதைக் காப்பதும் ஒரு எச்டிஆக்சஸ்தான். பழைய சர்வர் அப்பாச்சி, புதியது என்ஜின்எக்ஸ் என்றால், கோப்புகள் பத்திரமாக வந்து சேரும், காவல் வந்து சேராது. பணம் கொடுத்து வாங்க வேண்டிய கோப்பு நேர்முகவரியில் இலவசமாக இறங்கும். இன்ஸ்டாலர் இதைப்பற்றி ஒரு வார்த்தை எச்சரிக்காது. அதற்காக இந்த ப்ளக்இன்னின் மதிப்பெண்ணில் நிச்சயம் குறைக்க வேண்டும். என்ஜின்எக்ஸில் அந்த ஃபோல்டருக்கும், 'பேக்கப்ஸ்-டப்-லைட்'டுக்கும், புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களுக்கும் தனித்தனி லொகேஷன் பகுதி எழுதி 'டினை ஆல்' கொடுங்கள். முன்னால் தொப்பிக்குறியும் அலைக்குறியும் சேர்த்து எழுதினால் வேறு ரெஜெக்ஸ் (மாதிரி பொருத்தும்) விதி அதை மீறாது. வெல்-நோன் ஃபோல்டரை மட்டும் விட்டுவிடுங்கள், அதை அடைத்தால் சான்றிதழ் புதுப்பித்தல் நின்றுபோகும்.

ஜிப்பை நகர்த்தும் பாதைக்கு வருவோம். போர்ட் 21இல் ஓடும் வெறும் எஃப்டிபி, கடவுச்சொல்லையும் கோப்பையும் மறைக்காமல் அனுப்புகிறது. போர்ட் 22இல் எஸ்எஃப்டிபி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நடுவில் மடிக்கணினியிலோ கிளவுட் டிரைவிலோ தங்கப்போகிறதென்றால் மறையாக்கிவிடுங்கள். சாதாரண ஜிப் கடவுச்சொல்லின் பழைய முறை எளிதில் உடையும். செவன்-ஜிப்பில் ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியில் குறியிடுங்கள். ஜிபிஜி (ஒரு மறையாக்கக் கருவி) தெரிந்தவர்களுக்கு அது இன்னும் நேர்வழி. கடவுச்சொல்லைக் கோப்போடு அதே மின்னஞ்சலில் அனுப்புவது பூட்டிய பெட்டிமேல் சாவியை ஒட்டி அனுப்புவதுபோல. இரண்டு முனையிலும் எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடுங்கள். பாதி ஏறிய ஜிப்பால் இன்ஸ்டாலர் நடுவழியில் நின்றால், பிரிந்த கோப்புகள் ரூட்டில் இறைந்து கிடக்கும், தானியங்கித் துப்புரவும் நடக்காது.

புது சர்வரில் வரிசை முக்கியம். பிஎச்பி ஓடத் தொடங்குவதற்கு முன் எதையும் ஏற்றாதீர்கள். வெப் சர்வர் எழுந்து பிஎச்பி இணைக்கப்படாத அந்தச் சில நிமிடங்களில், பிஎச்பி கோப்புகள் இயங்காமல் அப்படியே இறக்கத்துக்குக் கிடைக்கும், கான்ஃபிக் கோப்பு உட்பட. ஒரே வரியில் ஏதோ ஒரு சொல்லை அச்சிடும் சிறு பிஎச்பி கோப்பை வைத்துப் பாருங்கள். அந்தச் சொல் மட்டும் தெரிந்தால் சரி, குறியீடு தெரிந்தாலோ கோப்பு இறங்கினாலோ நிறுத்துங்கள். சோதித்ததும் அதை அழித்துவிடுங்கள். டிஎன்எஸ்ஸை (டொமைனை ஐபியோடு இணைக்கும் பதிவை) மாற்றுவதற்கு முன்பே, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியை எழுதி இன்ஸ்டாலரை ஓட்டலாம். டொமைன் வழியாக வெளியுலகம் அப்போது அங்கே வராது. ஐபியை நேரே தட்டுபவரைத் தடுக்க, சர்வர் அமைப்பிலேயே உங்கள் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இந்தத் தடையை எச்டிஆக்சஸில் மட்டும் எழுதி நம்பாதீர்கள், இன்ஸ்டாலர் அந்தக் கோப்பை மாற்றி எழுதக்கூடும். எஸ்எஸ்எல் ரகசியச் சாவியைப் பழைய சர்வரிலிருந்து சுமந்து வரத் தேவையே இல்லை. டிஎன்எஸ் சரிபார்ப்பு முறையில் லெட்ஸ் என்கிரிப்ட்டிலிருந்து முன்கூட்டியே புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசித் திரையில், உள்நுழைந்ததும் இன்ஸ்டாலர் கோப்புகளைத் தானே அழிக்கும் பெட்டி இருக்கிறது. அதில் குறி இருக்கட்டும், ஆனால் அதோடு விடாதீர்கள். சர்வருக்கு அழிக்கும் அனுமதி இல்லையென்றாலோ, ஏற்றும்போது நீங்களே ஜிப்பின் பெயரை மாற்றியிருந்தாலோ சில கோப்புகள் தங்கிவிடும். டூல்ஸ் பகுதியில் நிறுவல் கோப்புகளை நீக்கும் பட்டன் உண்டு. அதை அழுத்திய பிறகு எஸ்எஃப்டிபியில் போய், இன்ஸ்டாலர், அதன் பேக்கப் நகல், 'டப்-இன்ஸ்டாலர்' ஃபோல்டர், ஜிப், பூட்லாக் (இன்ஸ்டாலரின் பதிவுக் கோப்பு) ஐந்தும் போய்விட்டனவா என்று கண்ணால் பாருங்கள். பிறகு அனுமதிகள்: ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644, கான்ஃபிக் கோப்புக்கு 600 அல்லது 640. பிஎச்பி எந்தப் பயனராக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது இது. 600 வைத்ததும் தளம் விழுந்தால் உரிமையாளர் தவறு என்று அர்த்தம். அதற்காக 777 பக்கம் போகாதீர்கள், உரிமையாளரை மாற்றுங்கள். கான்ஃபிக் கோப்பை வெப் ரூட்டுக்கு ஒரு படி மேலே நகர்த்தினாலும் வேர்ட்பிரஸ் தானே தேடி எடுத்துக்கொள்ளும், அந்த மேல் ஃபோல்டரில் இன்னொரு வேர்ட்பிரஸ் இல்லாதவரை.

மாற்றுகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆல்-இன்-ஒன் டபிள்யூபி மைக்ரேஷன் தன் கட்டுக்குள் கான்ஃபிக் கோப்பைச் சேர்ப்பதில்லை, தனி இன்ஸ்டாலரும் கிடையாது. இந்த அளவுகோலில் டூப்ளிகேட்டரைவிட அது ஒரு படி மேல். ஆனால் டேட்டாபேஸ் உள்ளே இருக்கிறது, கட்டு தங்குவதும் டபிள்யூபி-கன்டென்டில்தான். அப்டிராஃப்ட்பிளஸ் டேட்டாபேஸ், ப்ளக்இன், தீம், அப்லோட்ஸ், மற்றவை என்று ஐந்து துண்டாகப் பிரிப்பதால் ரகசியமானதை மட்டும் தனியாகக் கையாளலாம். பிப்ரவரி 2022இல் அதிலும் ஒரு பிழை (சிவிஇ-2022-0633) வந்தது. சாதாரண சந்தாதாரர் கணக்கு வைத்திருப்பவரே பேக்கப்பை இறக்க முடிந்தது, 1.22.3இல் திருத்தினார்கள்.

எஸ்எஸ்எச் (சர்வருக்குள் கட்டளை இடும் பாதுகாப்பான வழி) கிடைக்கிறதென்றால் ப்ளக்இன் எதுவும் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை நேரே சர்வருக்குச் சர்வர் கொண்டுபோகும். முதலில் 'டிரை ரன்' (எதையும் நகலெடுக்காத ஒத்திகை) ஓட்டி விலக்குப் பட்டியல் வேலை செய்கிறதா என்று பாருங்கள், மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள் (இல்லையென்றால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் உட்காரும்). டேட்டாபேஸை வெளியே எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப்பை எஸ்எஸ்எச் குழாய் வழியாக அந்தப் பக்க மைஎஸ்க்யூஎல்லுக்கே ஊற்றினால், எஸ்க்யூஎல் கோப்பு என்று ஒன்று எந்த வட்டிலும் உட்காரவே உட்காராது. கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதினால் வரலாற்றில் பதிவாகும், ஓடும்போது பிராசஸ் பட்டியலிலும் தெரியக்கூடும். 600 அனுமதியுள்ள தனி அமைப்புக் கோப்பில் வையுங்கள். குழாய் நடுவில் அறுந்தால் சத்தமில்லாமல் பாதி டேட்டாபேஸ்தான் வந்திருக்கும், ஆகவே அட்டவணை எண்ணிக்கையையும் முக்கிய அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். முகவரி மாற்றத்துக்கு டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கட்டளைக் கருவியின் 'சர்ச்-ரீப்ளேஸ்' போதும், சீரியலைஸ் ஆன (நீளக் குறிப்போடு சேமித்த) தரவையும் உடைக்காமல் மாற்றும். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் இல்லாதவர்களுக்கு டூப்ளிகேட்டர் நல்ல தேர்வுதான், மேலே சொன்ன கைவேலையோடு சேர்த்து.

இடமாற்றம் முடிந்ததும் சாவிகளை மாற்றுங்கள்: புது டேட்டாபேஸ் கடவுச்சொல், 8 ரகசியச் சாவிகள் (எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள், அதுதான் வேண்டும்), எஸ்எம்டிபி கடவுச்சொல், கட்டண ஏபிஐ சாவிகள். பிறகு பழைய கோப்பு ஒவ்வொன்றின் முகவரியையும் கர்ல் என்ற கட்டளையில் தட்டிப் பாருங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (கோப்பு இல்லை) வந்தால் நல்லது, 200 (கோப்பு கிடைத்தது) வந்தால் வேலை முடியவில்லை. டொமைன், மூன்று டபிள்யூ சேர்ந்த டொமைன், வெறும் ஐபி, ஹோஸ்டிங் தரும் தற்காலிக முகவரி நான்கிலும் தட்டுங்கள். தடை விதி ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டில் (ஒரு முகவரிக்கான சர்வர் அமைப்பில்) மட்டும் இருந்து மற்றதில் இல்லாமல் போவது சாதாரணம்.

பழைய சர்வரை டிஎன்எஸ் முழுவதும் நகரும்வரை வைத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் பேக்கேஜை அன்றே அழிக்கலாம். சிபேனல் என்ற ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையின் கோப்பு மேலாளரில் அழித்தால் அது ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டாட்-ட்ராஷ் ஃபோல்டருக்குத்தான் போகும். அழிக்கும் பெட்டியிலேயே ட்ராஷைத் தவிர்க்கும் குறி இருக்கிறது, அதைப் போடுங்கள், அல்லது ட்ராஷைத் தனியாகக் காலி செய்யுங்கள். கணக்கை மூடும்போது, ஹோஸ்டிங் நிறுவனம் தானாக எடுத்துவைத்த பேக்கப்கள் எத்தனை நாள் தங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அத்தனை நாளும் பழைய கான்ஃபிக் கோப்பு எங்கோ ஒரு வட்டில் இருக்கிறது, அதில் இருக்கும் ஒரு கடவுச்சொல்கூட அப்போது எங்கேயும் வேலை செய்யக்கூடாது.